நோல்ஃபா ஏறிய கூரைகள்

எங்கள் ஊரில் நோல்ஃபா கார்கமோ ஏறாத கூரைகள் இரண்டே இரண்டு. ஒன்று தேவாலயம். எங்கள் பாதிரியார் குளிரிலேயே பூசை வைக்கிறவர், அங்கே அடுப்பு கிடையாது. இன்னொன்று வங்கிக் கட்டிடம், அது எரிவாயுவில் சூடாகிறது. மற்ற வீடுகளின் தகரக் கூரைகள் அத்தனையும் அவளுடைய பூட்ஸ் காலுக்குப் பழக்கம். இருபத்தைந்து வருஷத்தில் பாதிக் கூரைகளை மாற்றிவிட்டார்கள். அவளை யாரும் மாற்றவில்லை.

அவள் புகைபோக்கி சுத்தம் செய்கிறவள். நான் புகைபோக்கிக் குழாய் விற்கிறவன். பள்ளியில் ஒரே பெஞ்சு. அதனால் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவள் வீட்டுக்காரன் சிரோவுக்கும் தெரியாது என்று நான் சொல்வதுண்டு. சிரோ அதை ஒத்துக்கொள்வதில்லை.

உண்மையில் அந்த வேலை சிரோவுடையதுதான். நாங்கள் பூமியின் தென்கோடியில் இருக்கிறவர்கள், மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை குளிர்காலம். அதுவரை எங்கள் பள்ளத்தாக்கில் எந்த வீட்டிலும் விறகடுப்பு அணையாது. அடுப்புக்கு மேலே குழாய், குழாய் முழுக்கக் கரி. அந்தக் கரியை வருஷத்துக்கு இரண்டு தரம் எடுக்காவிட்டால் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும், வீடு போகும். எங்கள் மர வீடுகள் அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. ஒரு ஜூன் மாதம், உறைபனி படிந்த கூரையிலிருந்து சிரோ சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். பதினொரு வீடுகளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். நோல்ஃபாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, வீட்டில் இரண்டு பிள்ளைகள். மறுநாள் காலை அவனுடைய பிரஷ்களையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள்.

முதல் வீட்டுக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆம்பளை யாரும் வரமாட்டார்களா என்று கேட்டார்.

"ஆம்பளை நேத்து உங்க பக்கத்து வீட்டுக் கூரையில இருந்து விழுந்துட்டாரு. நான் இன்னும் விழல" என்றாள் நோல்ஃபா.

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை அவள் விழவில்லை. சிரோ நடக்கத் தொடங்கிய பிறகும் ஏணிப் பக்கம் போகவில்லை. சமையலைக் கையில் எடுத்துக்கொண்டான். இருவருக்கும் அது பிடித்துப்போயிற்று. அப்படியே விட்டுவிட்டார்கள்.

வேலை செய்யச் செய்ய அவளுக்கு ஒன்று பிடிபட்டது. குழாயிலிருந்து வழிக்கிற கரியைக் கீழே விரித்த பழைய செய்தித்தாளில் கொட்டுவாள். அதைப் பார்த்தே அந்த வீட்டில் என்ன எரிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். காய்ந்த விறகு எரித்த வீட்டில் பழுப்பு நிறத்தில் மாவு போல உதிரும். ஈர விறகு எரித்த வீட்டில் கன்னங்கரேலென்று, பளபளவென்று, காய்ச்சிய வெல்லப்பாகு இறுகினாற்போலக் குழாயோடு ஒட்டிக்கிடக்கும். உளி வைத்து அடித்துத்தான் எடுக்க வேண்டும். வருஷா வருஷம் பாகு அதிகமாகிக்கொண்டே வந்தது, மாவு குறைந்துகொண்டே வந்தது. ஊர் பெருத்துவிட்டது, விறகு காயும்வரை காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. போதாக்குறைக்கு ராத்திரி படுக்கப்போகும்போது அடுப்பின் காற்றுக் கதவை இறுக்கச் சாத்திவிடுவார்கள். விறகு எரியாமல் கனிந்துகொண்டே கிடக்கும், விடியும்வரை தாங்கும். அப்படிக் கனிகிற அடுப்புதான் எல்லாவற்றையும்விட அதிகம் புகைகிறது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்.

எங்கள் ஊரில் கோடையில் மனிதனைத் தூக்கிப்போகிற காற்று அடிக்கும். குளிர்காலத்தில் ஓர் இலை அசையாது. மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் ஊற்றினாற்போலக் குளிர் தேங்கி நிற்கும், அதற்கடியில் புகை தேங்கி நிற்கும். அப்படிப்பட்ட நாட்களில் சுகாதார அலுவலகம் சிவப்பு எச்சரிக்கை விடும். பள்ளிகளில் விளையாட்டு வகுப்பு கிடையாது. யாரும் வெளியே ஓடக்கூடாது. ரேடியோவில் இதைச் சொன்னதும் நாங்கள் எழுந்து அடுப்பில் இன்னொரு கட்டை வைப்போம். குளிர்கிறதே.

நோல்ஃபாவுக்கு ஐம்பத்தைந்தாவது வயதில் இருமல் வந்தது. முதலில் மாடிப்படி ஏறினால் வந்தது, பிறகு ஏறாமலே வந்தது. சிரோ தொல்லை தாங்காமல் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டர் ஓடாலிஸ் வெனிசுவேலாக்காரி. வெயில் நாளிலும் இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நோல்ஃபாவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார், கருவியைப் பார்த்தார், மறுபடி ஊதச் சொன்னார்.

"எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கறீங்கம்மா?"

"ஒண்ணுகூடப் பிடிச்சதில்ல டாக்டர்."

"சும்மா சொல்லுங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல மாட்டேன்."

நோல்ஃபா தன் கைகளை மேசைமேல் வைத்துக் காட்டினாள். நகக்கண்ணில் இருபது வருஷத்துக் கரி. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. இது கூரை வேலை செய்கிறவளுக்கு மட்டும் வருகிற நோய் இல்லை, அவளுக்குக் கொஞ்சம் முந்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு இதே இருமல்தான், பெரிய நகரங்களில் வண்டிப் புகை சுவாசிக்கிறவர்களுக்கும் இதுதான், புகைக்கு ஊர் பேர் தெரியாது என்றார். நுரையீரலில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஓர் இன்ஹேலரும், இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி வைத்த முகமூடி ஒன்று வாங்கச் சொல்லிச் சீட்டும் கொடுத்தார். முகமூடி என் கடையில்தான் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பூச்சி மாதிரி இருக்கேன்" என்றாள். ஆனால் கழற்றவில்லை.

தனக்கு வந்ததைப் பற்றி அவள் அதற்குமேல் பேசவில்லை. அவளை உலுக்கியது வேறு.

அவளுக்கு பெலார்மினோ என்று ஒரு தம்பி. ஊருக்கே விறகு விற்கிறவன். மலைச் சரிவில் வீடு, வீட்டுப் பக்கத்திலேயே விறகு அடுக்கும் களம், ஒரு பழைய லாரி. இலையுதிர் காலத்தில் மரம் வெட்டுவான், பிளப்பான், அந்த வாரமே விற்றுவிடுவான். வெட்டவெளியில் மழை நனைய நனைய அடுக்கிய விறகு. கேட்டால் ஜனங்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, ஈர விறகு நின்று எரிகிறது என்பான். அவன் மகள் யாஸ்னா கீழே ஆற்றோரத் தெருவில் குடியிருந்தாள். அவளுக்கு மட்டும் விறகு இலவசம். ஒவ்வொரு ஏப்ரலிலும் லாரி நிறையக் கொண்டுபோய் அவனே இறக்கிவிட்டு வருவான். மகள்மேல் அவனுக்கு அவ்வளவு உயிர்.

யாஸ்னாவின் குழந்தை ரயேனுக்கு அப்போது இரண்டு வயது. அந்தக் குளிர்காலம் தொடங்கி ஆறு வாரத்துக்குள் மூன்று தரம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாம் தரம் ஐந்து நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பெலார்மினோ களத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மருத்துவமனை நடைவழியிலேயே கிடந்தான். குழந்தை வீடு திரும்பிய வாரம் நோல்ஃபா, பாவம் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற கவலையில் இதையாவது செய்வோம் என்று, யாஸ்னா வீட்டுக் குழாயைச் சுத்தம் செய்யப் போனாள். ஏப்ரலில்தான் சுத்தம் செய்திருந்தாள். இரண்டு மாதத்தில் விரல் தடிமனுக்குப் பாகு படிந்திருந்தது.

அதைச் செய்தித்தாளோடு மடித்து எடுத்துக்கொண்டு நேரே தம்பியின் களத்துக்கு ஏறிப்போனாள். பெலார்மினோ கோடாலியோடு நின்றிருந்தான். அவள் பொட்டலத்தை விறகு பிளக்கும் கட்டைமேல் பிரித்து வைத்தாள்.

"இது எங்க எடுத்தது தெரியுமா?"

"எவன் வீட்டுலயோ. எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் பொண்ணு வீட்டுல."

அவன் அதைப் பார்த்தபடியே நின்றான். பிறகு கோடாலியைக் கீழே வைத்தான்.

"அப்ப என் பேத்தி மூச்சுத் திணறுறதுக்கு நான்தான் காரணம்னு சொல்ல வந்திருக்க."

"நீ மட்டும் இல்லடா. வாங்குறவங்களும்தான். அந்தத் தெரு முழுக்க இதைத்தான் எரிக்குது. ஆனா அந்த வீட்டு விறகு நீ குடுத்தது."

"கெளம்புக்கா" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. ஜூனில் நின்றது ஆகஸ்ட் வரை நின்றபடியே இருந்தது. ஜூலையில் சிரோவின் பிறந்தநாளுக்கு எப்போதும் பெலார்மினோதான் ஆடு சுடுவான். அந்த வருஷம் உரித்த ஆட்டில் பாதியை யாரிடமோ கொடுத்தனுப்பினான், தான் வரவில்லை. "ஆட்டுக்குக் கோவம் இல்ல போல, அதுவாவது வந்திருக்கே" என்றான் சிரோ. நாங்கள் சிரித்தோம். நோல்ஃபா சிரிக்கவில்லை. அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்த கை அவளுடையது. தான் சொன்ன விதம் தப்போ என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டாள். விதம் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது, விஷயம் சரி என்றேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்குத் தொலைபேசி வந்தது. பெலார்மினோ. அவன் குரலுக்குப் பின்னால் விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம்.

"வால்தோ, குழாய் பத்திக்கிச்சு. அவகிட்டச் சொல்லு."

தீயணைப்புக்காரர்களுக்குச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னானாம். ஆற்றுப் பாலத்தருகே பனிச்சறுக்கலில் அவர்கள் வண்டி நிற்கிறதாம். நோல்ஃபா இரண்டு தெரு தள்ளி ஒரு கூரையில் இருந்தாள். கீழே இருந்து கத்தினேன். எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை, என் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். போய்ச் சேரும்போது குழாய் அடியிலிருந்து கூரைவரை செக்கச்செவேல் என்று இருந்தது. பெலார்மினோ வாளியில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றான். ஊற்றியிருந்தால் அடுப்பு வெடித்திருக்கும். நோல்ஃபா அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். மண்ணை வாரி அடுப்புக்குள் கொட்டினாள். காற்றுக் கதவையும் சாம்பல் கதவையும் அடைத்து, இடுக்கெல்லாம் நனைந்த சாக்குத் துணியைத் திணித்தாள். பிறகு சுவரில் கையை வைத்து வைத்துப் பார்த்தபடி நின்றாள். சத்தம் மெல்ல இறங்கியது. சிவப்பு கருத்தது. சுவரில் ஓரிடத்தில் பலகை கருகியதோடு போயிற்று.

அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அவன் தன் வீட்டில் படுக்க முடியாது. நோல்ஃபா என்னிடம், "சிரோ இன்னிக்கு பீன்ஸ் பண்றான், நிறைய இருக்கும்னு சொல்லு" என்றாள். பக்கத்தில்தான் பெலார்மினோ நின்றான். நான் அவனிடம் திரும்பி, பீன்ஸ் நிறைய இருக்கிறதாம் என்றேன். போய்ச் சாப்பிட்டானாம்.

மறுநாள் காலை புதுக் குழாய்களை ஏற்றிக்கொண்டு போனேன். நோல்ஃபா ஏற்கெனவே கூரையில் இருந்தாள். பழைய குழாயைக் கழற்ற ஒற்றைக் கை போதாது, எனக்கோ முழங்கால் வலி. பெலார்மினோ ஏறினான். அவன் மரம் வெட்டுகிறவன், உயரம் பயமில்லை. ஆனால் சொந்தக் கூரையில் அன்றுதான் ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அவர்கள் பேசியதெல்லாம் கேட்டது.

காற்றில்லாத காலை. வானம் நீலமாக, ஒரு மேகம் இல்லாமல் இருந்தது. மேலே மலை உச்சிகளில் வெயில் படிந்திருந்தது. அவன் வீடு இருக்கும் சரிவுக்குக் கீழே மட்டும் ஊரையே காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு ஏரி. தேவாலயத்தின் கோபுரம் மட்டும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு மூடுபனி அதிகம்" என்றான் பெலார்மினோ. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"பனின்னா வெள்ளையா இருக்கும்" என்றாள் நோல்ஃபா.

அவன் மறுபடி கீழே எட்டிப் பார்த்தான். வருஷக்கணக்காகத் தன் வாசலில் நின்று, மரங்களின் இடுக்கு வழியே இதைப் பார்த்திருக்கிறான். பனி என்றே நினைத்திருக்கிறான். அவன் வீட்டில் எப்போதும் நல்ல காற்று.

"யாஸ்னா வீடு எங்க தெரியுது?"

"தெரியாது. அதுக்குள்ளதான் இருக்கு."

குழாயின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தான். இருவரும் சேர்ந்து பழைய குழாயை இறக்கினார்கள், புதியதை ஏற்றினார்கள், மூடியை மாட்டினார்கள். வேலை முடியப் பதினொரு மணி ஆயிற்று. பெலார்மினோ உள்ளே போய், நாங்கள் தேநீர் போலக் குடிக்கிற மாத்தே இலையைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினான். எங்கள் வழக்கப்படி முதல் கிண்ணத்தை ஊற்றியவனே குடித்துவிட்டு, அடுத்ததை அக்காவிடம் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, களத்தின் நீளத்துக்குக் கொட்டகை போட எத்தனை தகரம் பிடிக்கும் என்று கேட்டான்.

நல்ல கதைகளில் மனிதர்கள் அங்கேயே திருந்திவிடுவார்கள். பெலார்மினோ அந்த வருஷம் வெட்டிய விறகை அந்த வருஷமே விற்றுத் தீர்த்தான். வேறு வழியில்லை, ஜனங்களுக்கு அடுப்பு எரிய வேண்டும். யாஸ்னா வீட்டுக்கு மட்டும் நோல்ஃபா தன் வீட்டுக் கொட்டகையிலிருந்த காய்ந்த விறகை அனுப்பினாள். தங்கள் வீட்டுக்கு மிச்சம் போதாமல் செப்டம்பரில் சிரோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமைத்தான். நவம்பரில் கொட்டகை எழுந்தது, புதிதாக வெட்டிய விறகை அதில் அடுக்கினான். நாலு பக்கமும் திறப்பு, மேலே என் தகரம். கோடைக் காற்று விறகு நடுவே புகுந்து புறப்பட்டது. அடுத்த இலையுதிர் காலத்தில் வெட்டிய மரத்தை அவன் விற்கவில்லை. கொட்டகையில் கோடை முழுக்கக் காய்ந்தது இருந்த அளவுதான் விற்றான். பாதிப் பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். அவனைச் சும்மா சொல்லக்கூடாது, பிடிவாதத்தில் அக்காவையே மிஞ்சினான். யாராவது ஈர விறகு நின்று எரியும் என்று தொடங்கினால் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டுவான். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் பொத்தென்று கேட்கும்.

"இதுல எது உன் நெஞ்சுக்குள்ள போகணும், சொல்லு" என்பான்.

நோல்ஃபா ஆற்றோரத் தெருவில் ஒன்பது வீடுகளுக்கும் போனாள். பிரசங்கம் செய்யவில்லை. அவரவர் வீட்டுக் கரியை அவரவர் முன்னால் கொட்டினாள். அடுப்பின் காற்றுக் கதவை எவ்வளவு திறந்து வைக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தாள். ஏழு வீடு கேட்டது. ஒரு வீட்டில் கேட்பதாகச் சொன்னார்கள். கடைசி வீட்டுக்காரர், பெண்பிள்ளை வந்து அடுப்பு மூட்டச் சொல்லித் தர வேண்டியதில்லை என்றார். அடுத்த மாதம் அவருக்கே குழாய் அடைத்துக்கொண்டது. நோல்ஃபா போய்ச் சுத்தம் செய்தாள். அவர் தானாகவே கோடு எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ரயேனுக்கு ஒரு தரம் சளி பிடித்தது. வீட்டிலேயே சரியாயிற்று. போன குளிர்காலத்தில் அதுவும் இல்லை. டாக்டர் ஓடாலிஸ், குழந்தை வளர்ந்ததாலும் இருக்கலாம், எல்லாம் விறகால் என்று சொல்லிவிட முடியாது என்றார். அவர் அப்படித்தான், எதையும் அளந்துதான் சொல்வார். ஆனால் ஆற்றோரத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடிவந்துவிட்டார். அதைவிட வேறு என்ன சான்றிதழ் வேண்டும் என்கிறான் பெலார்மினோ.

ஊர் முழுக்கச் சுத்தமாகிவிட்டது என்று நான் சொன்னால் பொய். இந்த ஜூலையிலும் ரேடியோவில் சிவப்பு என்று சொன்னார்கள். பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் இன்னும் ஈர விறகுதான் எரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் காலையில் எதிர்வீட்டுக் கதவின் நிறம் தெரிகிறது. பச்சை. முன்பு தெரியாது.

போன வாரம் நோல்ஃபா கடைக்கு வந்தாள். வளைவில் மாட்டுகிற முழங்கைக் குழாய் மூன்றும் ஒரு மூடியும் வேண்டும் என்றாள். முகமூடி கழுத்தில் தொங்கியது. ஐம்பத்தெட்டு வயதாகிறது, இனி கூரை வேலையைக் குறைத்துக்கொள்ளலாமே என்றேன். வருஷத்துக்கு ஒரு தரம் இதை நான் சொல்வேன்.

"ஏணியில நடுவுல ரெண்டு தரம் நிக்க வேண்டியிருக்கு" என்றாள். "நின்னா என்ன, மேல போனா ஆறு தெரியுது. முந்தி ஆறு இருக்கறதே மறந்துபோச்சு."

முழங்கைக் குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கி, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்து வேறு எடுக்கச் சொன்னாள். எனக்கும் அதில் ஒரு நசுங்கல் தெரிந்தது. மாற்றிக் கொடுத்தேன்.